காகிதம் கைகொடுத்தது!

பிரான்ஸ் தேசத்தின் தென்கோடியில் நீஸ் என்று ஒரு கடற்கரை நகரம். அங்கே ஒரு பெரிய கட்டடத்தின் மாடி அறை. கட்டிலில் சாய்ந்தபடி ஒரு கிழவர் இருக்கிறார். வெள்ளைத் தாடி. மூக்குக் கண்ணாடி. ஒரு கையில் பெரிய கத்தரிக்கோல். மறு கையில் நீல வர்ணம் பூசிய காகிதம்.

கத்தரிக்கோல் ஓடுகிறது. காகிதம் திரும்புகிறது. வெட்டுப்பட்ட துண்டுகள் மெத்தை மேலும் தரை மேலும் உதிர்கின்றன. சிறிது நேரத்தில் அவர் கையில் ஓர் இலை இருக்கிறது. இன்னும் சிறிது நேரத்தில் ஒரு பறவை. அப்புறம் ஒரு மீன்.

பார்ப்பவர்களுக்குக் குழந்தை விளையாட்டாகத் தோன்றும். ஆனால் அந்தக் கிழவர், உலகம் போற்றிய ஓவிய மேதை ஹென்றி மத்தீஸ்! அவர் வெட்டிய அந்தக் காகிதங்களைத் தங்கள் வீட்டுப் பொக்கிஷமாக நியூயார்க்கும் லண்டனும் பாரீஸும் இன்று பாதுகாத்து வருகின்றன.

காகிதமா பொக்கிஷம்? மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிறோமே, அதுவா? மழை பெய்தால் குழந்தைகள் கப்பல் விடுகிறார்களே, அதுவா?

அதேதான்! கல்லையும் வெண்கலத்தையும் போல உறுதி இல்லாதது. பட்டுத் துணியைப் போல விலை உயர்ந்ததும் அல்ல. அப்படிப்பட்ட காகிதம், வேறு எதுவும் கைகொடுக்காத நேரத்தில் சில கலைஞர்களுக்குக் கைகொடுத்தது. நடக்க முடியாதவருக்கு உதவியது. கண் தெரியாதவருக்கு உதவியது. வீடு இழந்தவருக்கும், கையில் காசு இல்லாதவருக்கும் உதவியது. அந்தக் கதைகளைக் கேளுங்கள்.

டாக்டர்கள் கைவிட்டவர்

மத்தீஸ் 1869ஆம் ஆண்டு, டிசம்பர் கடைசி நாளில் பிறந்தவர். அவர் வளர்ந்தது நெசவாளர்கள் நிறைந்த ஊர். வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். இளம் வயதில் நோயுற்றுப் படுத்திருந்தபோது, பொழுது போவதற்காக அவருடைய தாயார் ஒரு வர்ணப் பெட்டி வாங்கிக் கொடுத்தார். அதோடு வக்கீல் தொழில் போயிற்று. ஓவியர் ஆனார். பெரும் புகழும் பெற்றார்.

1941ஆம் ஆண்டு. வயது 71. குடலில் புற்றுநோய். லியோன் நகரத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. பிழைப்பாரா என்பதே சந்தேகம். ஆனால் பிழைத்துக்கொண்டார்! "செத்துப் பிழைத்தவர்" என்றே அவருக்குப் பணிவிடை செய்த கன்னியாஸ்திரீகள் பெயர் வைத்துவிட்டார்களாம்.

உயிர் திரும்பியது, பலம் திரும்பவில்லை. கட்டிலும் சக்கர நாற்காலியுமே கதி என்று ஆயிற்று. பெரிய திரைச்சீலைக்கு முன்னால் மணிக்கணக்கில் நின்று வர்ணம் தீட்டுவது இனி நடக்காத காரியம்.

வேறொருவராக இருந்தால், "இத்தனை நாள் செய்தது போதும்" என்று கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பார். மத்தீஸ் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார்.

உதவிக்கு இருந்த பெண்கள் வெள்ளைக் காகிதங்களில் வர்ணம் பூசிக் காயவைப்பார்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று அடுக்கடுக்காகக் காகிதங்கள் தயாராக இருக்கும். மத்தீஸ் தமக்கு வேண்டியதை எடுத்து, பென்சிலால் கோடு கூடப் போடாமல், நேராக வெட்டுவார். வெட்டிய துண்டை உதவிப் பெண்கள் சுவரில் குண்டூசியால் குத்தி வைப்பார்கள். "இன்னும் கொஞ்சம் மேலே... இடது பக்கம்... ஆ, அங்கே!" என்று படுத்தபடியே சொல்வார். பிடிக்காவிட்டால் ஊசியைப் பிடுங்கி வேறு இடத்தில் குத்தலாம். வர்ணம் தீட்டிய படத்தில் இது முடியுமா? காகிதத்தில் முடியும்!

வீட்டுக்குள் ஒரு நீச்சல் குளம்

1952ஆம் ஆண்டு கோடைகாலம். நீச்சல்காரர்கள் குதித்து நீந்துவதைப் பார்க்க வேண்டும் என்று மத்தீஸுக்கு ஆசை வந்தது. பக்கத்து ஊர்க் குளத்துக்கு அழைத்துப் போனார்கள். வெயில் தாங்கவில்லை. திரும்பி வந்துவிட்டார்.

"நமக்கு நாமே ஒரு குளம் செய்துகொள்வோம்" என்று தீர்மானித்தார்.

சாப்பாட்டு அறையின் சுவரைச் சுற்றி, தலைக்குச் சற்று மேலே, வெள்ளைக் காகிதத்தைப் பட்டைபோல ஓட்டச் சொன்னார். நீலக் காகிதத்தை எடுத்தார். குதிக்கிறவர், மூழ்குகிறவர், மிதக்கிறவர், தெறிக்கிற தண்ணீர் எல்லாவற்றையும் வெட்டி வெட்டி அதன்மேல் குத்தி வைத்தார். சுமார் 54 அடி நீளத்துக்கு அந்தக் குளம் விரிந்தது! நடக்க முடியாத மனிதர், சாப்பாட்டு அறையில் உட்கார்ந்துகொண்டே நீச்சல் பார்த்தார்.

அந்தக் குளம் இப்போது நியூயார்க் நவீன கலை மியூசியத்தில் இருக்கிறது. காகிதங்களுக்குப் பின்னால் இருந்த சாக்குத் துணி நாளடைவில் கறுத்துப்போயிற்று. வெள்ளையும் நீலமும் மங்கி, காட்சிக்கே வைக்க முடியாமல் பல ஆண்டுகள் உள்ளே கிடந்தது. நிபுணர்கள் பல ஆண்டுகள் பாடுபட்டு, பழைய துணியை மெல்ல மெல்லப் பிரித்தெடுத்துப் புதுத் துணி வைத்தார்கள். 2014ல் மீண்டும் மக்கள் அதைப் பார்த்தார்கள். அதே 2014ல் லண்டனில் மத்தீஸின் காகிதச் சித்திரங்களுக்குத் தனிக் கண்காட்சி நடந்தது. 5 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள்!

ஒரு வேடிக்கையும் உண்டு. 1953ல் மத்தீஸ் ஒரு படகைக் காகிதத்தில் செய்தார். மேலே பாய்மரப் படகு. கீழே தண்ணீரில் அதன் நிழல். 1961ல் நியூயார்க் மியூசியத்தில் அதைத் தலைகீழாக மாட்டிவிட்டார்கள்! ஒரு நாள் அல்ல, இரு நாள் அல்ல, 47 நாட்கள் அப்படியே தொங்கியது. கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தவர்களில் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் பங்கு மார்க்கெட்டில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி, "படகைவிட நிழலுக்கு எப்படி ஐயா அதிக வேலைப்பாடு இருக்கும்?" என்று சந்தேகப்பட்டார். அவர் சந்தேகம் சரியாக இருந்தது. அப்புறம்தான் படகு நிமிர்ந்தது.

அதைப் பார்க்க மத்தீஸ் இல்லை. 1954ஆம் ஆண்டு நவம்பர் 3ந் தேதி, 84வது வயதில் காலமாகிவிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு 13 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அதை அவர் தமது இரண்டாவது வாழ்வு என்று கருதினார்.

மரம்போல ஒரு காகிதம்

காகிதத்தை வெட்டிப் படம் செய்வதை மத்தீஸ்தான் முதலில் கண்டுபிடித்தாரா? இல்லை. சீனாவிலும் ஜப்பானிலும், நம் வடநாட்டு மதுராவிலும் நெடுங்காலமாகக் காகிதம் வெட்டும் கலை உண்டு. ஆனால் ஐரோப்பாவின் நவீன ஓவியர்கள் காகிதத்தை, எழுதவும் வரையவும் மட்டும் உதவும் பொருளாகவே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். காகிதத்தின் மேல் படம் இருக்கும், காகிதமே படமாகாது.

1912ல் அந்த எண்ணம் மாறியது. பிரான்ஸ் நாட்டு ஓவியர் ஜார்ஜ் பிராக், கடை ஒன்றில் சுவருக்கு ஒட்டும் காகிதம் ஒன்றைக் கண்டார். கருவாலி மரப் பலகையின் ரேகைகள் அதில் அச்சாகியிருந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் நிஜப் பலகை. அதை வாங்கி வந்து வெட்டி, தாம் கரியால் வரைந்த படத்தில் ஒட்டிவிட்டார். மரத்தை எதற்கு வரைய வேண்டும்? ஒட்டினால் போயிற்று!

அவருடைய தோழர் பிக்காஸோவும் பின்தொடர்ந்தார். அவர் செய்தித்தாளையே கிழித்து ஒட்டினார். அட்டையை வெட்டி மடித்து, ஒரு கிதார் வாத்தியத்தையும் செய்தார். காலையில் படித்துவிட்டுத் தூக்கிப் போடும் பத்திரிகைத் துண்டு, மியூசியத்துக்குள் போனது அப்போதுதான்.

அன்று திறந்த கதவு பிறகு மூடவே இல்லை. அந்த வழியாக நம் நாட்டிலும் பெரியவர்கள் சிலர் நடந்தார்கள்.

விரல் நுனியில் கண்

வங்காளத்தில் மகாகவி தாகூர் நிறுவிய சாந்திநிகேதனத்தில், கலாபவனம் என்ற ஓவியப் பள்ளி இருக்கிறது. அங்கே 1919ல் மாணவராகச் சேர்ந்தவர் வினோத் பிஹாரி முகர்ஜி. 1904ல் கல்கத்தா பக்கத்தில் பிறந்தவர். பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை கிடையாது. மற்றக் கண்ணிலும் கிட்டப்பார்வை. புத்தகத்தை முகத்தோடு முகமாக வைத்துத்தான் படிக்க வேண்டும். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு ஓவியம் கற்கப் போகிறேன் என்றார்!

நந்தலால் போஸிடம் கற்றார். பிறகு அங்கேயே ஆசிரியரும் ஆனார். 1946, 47ஆம் ஆண்டுகளில் ஹிந்தி பவனத்தின் சுவர்களில் கபீர், சூர்தாஸ், துளசிதாஸ் முதலிய பக்தர்களின் வாழ்க்கையைப் பெரிய சித்திரமாகத் தீட்டினார். நாட்டின் தலைசிறந்த சுவர்ச் சித்திரங்களில் ஒன்று என்று அதைப் போற்றுகிறார்கள். பின்னாளில் சினிமா உலகில் புகழ் பெற்ற சத்யஜித் ரே அவரிடம் படித்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துவிட்டு, சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்று, பிறகு 1944ல் சாந்திநிகேதனம் போய் ஓவியரான கே. ஜி. சுப்ரமணியனும் அவருடைய மாணவரே.

1957ல் இருந்த ஒரு கண்ணுக்கும் ஆபத்து வந்தது. புரை என்று ஆபரேஷன் செய்தார்கள். பலிக்கவில்லை. 53வது வயதில் முழு இருட்டு!

பாடகருக்குக் குரல் போனால் என்ன செய்வார்? ஓவியருக்குக் கண் போனால் என்ன மிச்சம்?

கை மிச்சம் என்றார் வினோத் பிஹாரி. வர்ணம் தீட்டினால் தூரிகை எங்கே போயிற்று, வர்ணம் எங்கே முடிந்தது என்று பார்வை இல்லாதவருக்குத் தெரியாது. ஈரத்தைத் தொட்டால் படம் கலைந்துவிடும். ஆனால் வெட்டிய காகிதத்துக்கு ஓரம் உண்டு. ஓரத்தை விரலால் தடவிப் பார்க்கலாம். ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினால் எது மேலே, எது கீழே என்று விரலே சொல்லும். கண்ணால் பார்க்க வேண்டியதைக் காகிதம் கையால் பார்க்கவைத்தது.

வர்ணக் காகிதங்களை வெட்டி, ஒட்டி, உருவங்கள் செய்தார். ஐம்பது ஆண்டு மங்கலான பார்வையில் அவர் சேர்த்து வைத்திருந்த மனிதர்களும் மாடுகளும் மரங்களும் நினைவிலிருந்து விரலுக்கு இறங்கி வந்தார்கள். 1958ல் கலாபவனத்துக்கே திரும்பி வந்து, கலை வரலாறு கற்பிக்கவும் ஆரம்பித்தார். மாணவர்களுக்குக் கண் தெரியும், ஆசிரியருக்குத் தெரியாது. ஆனால் படத்தில் எங்கே என்ன இருக்கிறது என்று ஆசிரியர்தான் சொல்லிக் கொடுத்தார்!

1972ல் ஓடுகளைக் கொண்டு கலாபவனச் சுவரில் ஒரு பெரிய சித்திரம் அமைத்தார். அதே ஆண்டில் சத்யஜித் ரே தம் குருவைப் பற்றி "அகக்கண்" என்ற பொருள்படும் பெயரில் ஒரு சிறு படம் எடுத்தார். 1974ல் அரசாங்கம் பத்ம விபூஷண் விருது அளித்தது. 1980ல் வினோத் பிஹாரி மறைந்தார். பார்வை இழந்த பிறகு அவர் வாழ்ந்த 23 ஆண்டுகளில் கை சும்மா இருக்கவில்லை.

மை இல்லாமல் அச்சடித்தவர்

அதே சாந்திநிகேதனத்தில் அச்சுச் சித்திரக் கலை கற்பித்த இன்னொருவர் சோமநாத் ஹோர். 1921ல் இப்போது வங்காள தேசத்தில் உள்ள சிட்டகாங் பக்கத்தில் பிறந்தவர். அவர் வாலிபத்தில் கண்டது இரண்டு கொடுமைகள். ஒன்று, யுத்தத்தில் விழுந்த ஜப்பானியர் குண்டு. மற்றொன்று, 1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சம்.

இலட்சக்கணக்கான ஜனங்கள் ஒரு பிடி சோற்றுக்கு வழியில்லாமல் மடிந்தார்கள். சோமநாத் கையில் பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொண்டு, எலும்பும் தோலுமாகத் தெருவில் கிடந்தவர்களை வரைந்தார். அவை பத்திரிகையில் வெளிவந்தன. பார்த்ததை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

சுமார் முப்பது ஆண்டுகள் கழித்து, அந்தக் காயத்துக்கு ஒரு புது வடிவம் கண்டுபிடித்தார். களிமண்ணைப் பலகைபோலத் தட்டிப் பரப்புவார். அதைக் கத்தியால் கீறுவார். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுடுவார். அந்த மண்ணிலிருந்து சிமெண்டில் ஓர் அச்சு எடுப்பார். பிறகு வெள்ளைக் காகிதக் கூழை அதன்மேல் பரப்பி அழுத்துவார். காய்ந்ததும் உரித்தெடுத்தால், வெள்ளைத் தாளில் வெட்டும் தழும்பும் வடுவும் மேடுபள்ளமாக எழுந்து நிற்கும்.

மை கிடையாது. வர்ணம் கிடையாது. இரத்தத்தைக் காட்டச் சிவப்பு ஒரு துளி கூட வேண்டியிருக்கவில்லை. வெள்ளைமேல் வெள்ளை! பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போதுதான் காயம் தெரியும். "காயங்கள்" என்பதே அந்த வரிசையின் பெயர்.

மேலே படம் போடுவதற்கான பொருள் காகிதம் என்ற நினைப்பை இவர் அடியோடு மாற்றினார். அவர் கையில் காகிதமே உடம்பு ஆயிற்று. உடம்பு பட்ட காயமும் ஆயிற்று. 2006ல் சோமநாத் ஹோர் காலமானார். மறு ஆண்டு பத்ம பூஷண் விருது அவர் பெயருக்கு வழங்கப்பட்டது.

வீடு எங்கே?

பஞ்சம் ஒரு காயம் என்றால், நாட்டுப் பிரிவினை இன்னொரு காயம். அதைக் காகிதத்தில் சொன்னவர் ஜரினா ஹாஷ்மி என்ற அம்மையார்.

1937ல் அலிகாரில் பிறந்தவர். தகப்பனார் சரித்திரப் பேராசிரியர். ஜரினா கணிதம் படித்துப் பட்டம் பெற்றார். கணவர் வெளிநாட்டுத் தூதரக உத்தியோகஸ்தர். அதனால் பாங்காக், பாரீஸ், டோக்கியோ என்று ஊர் ஊராகப் போனார். போன இடமெல்லாம் அச்சுச் சித்திரக் கலை கற்றார். கடைசியில் நியூயார்க்கில் தங்கினார்.

அவர் வெளிநாட்டில் இருந்தபோதே, 1959ல் பெற்றோர்கள் பாகிஸ்தான் போய்விட்டார்கள். பிறந்து வளர்ந்த அலிகார் வீடு இனி அவருடைய வீடு அல்ல. விடுமுறைக்குத் தாய்வீடு போகலாம் என்று எண்ணுகிற பெண்ணுக்கு, தாய்வீடே வேறு தேசத்தில்!

அந்த ஏக்கத்துக்குக் காகிதமே வழி தந்தது. 1970ஆம் ஆண்டுகளில், வெறும் வெள்ளைத் தாளை எடுத்து ஊசியால் குத்திக் குத்தியே படங்கள் செய்தார். ஒரு கோடு இல்லை. புள்ளி புள்ளியாகத் துளைகள் மட்டும். காகிதக் கூழை அச்சில் வார்த்துச் சிற்பங்களும் செய்தார். காகிதம் மனிதத் தோலைப் போன்றது என்பது அவர் கொள்கை. அது கறைபடும், சுருங்கும், முதுமை அடையும், குத்தினால் தாங்கிக்கொள்ளும்.

1999ல் "வீடு ஓர் அந்நிய இடம்" என்ற பெயரில் 36 அச்சுப் படங்கள் செய்தார். ஒவ்வொரு படத்துக்கும் ஓர் உருதுச் சொல். வாசல், கதவு, மழை இப்படிச் சாதாரணச் சொற்கள்தாம். 2001ல் செய்த படத்தில் அதுவும் இல்லை. இந்தியாவையும் பாகிஸ்தானையும் பிரிக்கிற எல்லைக்கோடு ஒன்றே ஒன்று, கறுப்பாக, வளைந்து வளைந்து தாளின் குறுக்கே ஓடுகிறது. அந்த ஒரு கோட்டைப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினவர்கள் உண்டென்றால் வியப்பில்லை.

பாகிஸ்தானில் இருந்த சகோதரி உருதுவில் எழுதிய கடிதங்களைக் கொண்டும் 2004ல் ஒரு வரிசை செய்தார். பெற்றோர் மறைவு, வீடு விற்றது எல்லாம் அந்தக் கடிதங்களில் இருந்தன. கடித எழுத்துக்களின் மேல் பழைய வீட்டின் வரைபடத்தையும் ஊர்ப் படத்தையும் அச்சடித்தார். ஜரினா அம்மையார் 2020ல் லண்டனில் காலமானார்.

ஒரு தாள் போதும்

நோய், குருட்டுத்தனம், பஞ்சம், பிரிவு எல்லாம் பார்த்தோம். வறுமை?

ஜப்பானில் அகிரா யோஷிஸாவா என்று ஒருவர் இருந்தார். 1911ல் பிறந்தவர். பதின்மூன்று வயதில் டோக்கியோவில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். உடன் வேலை செய்யும் இளைஞர்களுக்கு ஜியோமிதி கற்பிக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. கோணம், முக்கோணம் எல்லாவற்றையும் காகிதத்தை மடித்தே சொல்லிக் கொடுத்தார். ஜப்பானியக் குழந்தைகள் காகிதத்தில் கொக்கு மடிப்பார்களே, அதே விளையாட்டுத்தான்!

காகிதம் மடிப்பதிலேயே மனம் போய், 1937ல் வேலையை விட்டுவிட்டார். அப்புறம் வறுமைதான். மீனையும் கடற்பாசியையும் சுண்டக் காய்ச்சிச் செய்கிற தொடுகறியை வீடு வீடாக விற்று வயிறு கழுவினார். பொம்மை செய்யக் கல்லும் உலோகமும் வாங்கக் காசு எங்கே? ஒரு தாள் வாங்கலாம். அது போதும் என்றார்.

1952ல் ஒரு பத்திரிகையில், ஜப்பானிய ஆண்டுகளுக்குரிய 12 பிராணிகளை அவர் காகிதத்தில் மடித்தவை படங்களாக வெளிவந்தன. ஊர் முழுவதும் அவர் பேச்சாயிற்று. 1955ல் ஆம்ஸ்டர்டாம் நகரத்து மியூசியத்தில் கண்காட்சி நடந்தது.

அவர் செய்த புதுமை இது. சற்றுத் தடித்த காகிதத்தை லேசாக ஈரப்படுத்துவார். ஈரத்தில் காகிதம் தோல்போல இளகும். அப்போது மடித்து வளைத்தால், கூர்மடிப்பாக இல்லாமல் உருண்டு திரண்ட உடம்பு வரும். காகிதத்தில் உள்ள பசை காய்ந்ததும் அந்த வடிவம் விறைத்து நின்றுவிடும். வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. ஒரே தாளில் கொரில்லாக் குரங்கு உட்கார்ந்திருக்கும்!

எந்த மடிப்பை எங்கே மடிக்க வேண்டும் என்று புள்ளியும் அம்புக்குறியுமாக எழுதிக் காட்டும் முறையையும் அவர் வகுத்தார். இன்று எந்தத் தேசத்துப் பிள்ளை காகிதம் மடிக்கும் புத்தகத்தைத் திறந்தாலும் அந்தக் குறிகள்தாம் இருக்கும். பாஷை தெரிய வேண்டியதில்லை. 50,000 உருவங்களுக்கு மேல் மடித்தார் என்கிறார்கள். விற்கவில்லை! 2005ஆம் ஆண்டு தம் 94வது பிறந்த நாளன்றே காலமானார்.

காகிதத்தின் இரகசியம்

வெட்டலாம், ஒட்டலாம், குத்தலாம், மடிக்கலாம், கூழாக்கி வார்க்கலாம். ஒரே பொருளுக்கு எப்படி இத்தனை சாமர்த்தியம்?

காகிதம் என்பது நார். சீனாவில் கி.பி. 105ஆம் ஆண்டு வாக்கில், சாய் லுன் என்ற அரண்மனை அதிகாரி மரப்பட்டை, கந்தல், பழைய மீன் வலை இவற்றைக் கொண்டு காகிதம் செய்யும் முறையைச் சீர்ப்படுத்தினார் என்பது வரலாறு. அடிப்படை முறை இன்றும் அதுதான். நாரைத் தண்ணீரில் ஊறவைத்து நன்றாக அடித்தால் கூழாகும். சல்லடையில் அள்ளினால் தண்ணீர் வடியும். நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, பசை இல்லாமலே தாளாகிவிடும். ஈரம் பட்டால் இளகுவதும், காய்ந்தால் விறைப்பதும், மீண்டும் கூழாவதும் இதனால்தான்.

நல்ல பருத்தி நாரில் செய்த காகிதம் நூற்றாண்டுக் கணக்கில் இருக்கும். பத்திரிகைக் காகிதம் அப்படி அல்ல. மரத்தை அரைத்துச் செய்வது. மரத்தில் உள்ள லிக்னின் என்ற சத்து, வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுப்பாகும். சில மாதத்தில் தாள் மஞ்சளாகி, பிறகு அப்பளம்போல நொறுங்கும்.

ஆகையால் குழந்தை வெட்டி ஒட்டிய படத்தை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால், பழைய பத்திரிகைக்குள் சொருகி வைக்காதீர்கள். நல்ல வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வையுங்கள். வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள், அதன் பசை பின்னால் மஞ்சள் கறையாகும். குண்டூசி துருப்பிடிக்கும். அரிசிக் கஞ்சிப் பசையோ, மைதாப் பசையோ கொஞ்சமாகத் தடவினால் போதும். பூச்சி வராமல் அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓவியர்களுக்கான பருத்திக் காகிதத்துக்கு வெகு தூரம் போக வேண்டியதில்லை. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தைச் சார்ந்த கைக்காகிதத் தொழிற்சாலை புதுச்சேரியில் 1959ல் தொடங்கியது. துணிக் கழிவைத் துண்டாக்கி, அடித்து, கூழாக்கிக் கையாலேயே தாள் எடுக்கும் வேலை அது. வெட்டி எறிந்த துணி, காகிதமாகி மீண்டும் ஒருவர் கையில் கலையாகிறது.

வீட்டில் வயதானவர்கள் நோயாகப் படுத்திருப்பார்கள். பார்க்கப் போகிறவர்கள் ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போவது வழக்கம். அடுத்த முறை போகும்போது நாலு வர்ணத் தாளும், முனை மழுங்கிய ஒரு கத்தரிக்கோலும் சேர்த்து வாங்கிக்கொண்டு போங்கள். பேரப்பிள்ளையைக் கட்டில் பக்கத்தில் உட்காரவையுங்கள். தாத்தா வெட்டட்டும், பிள்ளை ஒட்டட்டும்.